இரண்டாவது குப்பி

எங்கள் சபையில் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் பாட்டு முடிந்ததும் பாஸ்டர், "ஜெபக்குறிப்பு யாருக்காவது இருக்கா?" என்று கேட்பார். முழங்கால் வலி, சுரங்கத்தில் வேலை போன மருமகன், ஆபரேஷனுக்கு லெக்சிங்டன் போயிருக்கும் தங்கை என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். அந்த ஜூன் மாதத்து இரண்டாவது புதன்கிழமை ஒலீட்டா டீட்டன் எழுந்து நின்றார். எழுபத்தொரு வயது. புருஷன் போனபிறகு பஞ்சன் ஓடைக்கரையில் தனியாக மாடு வளர்க்கிறவர். பிறருக்காக அவர் எழுந்து ஜெபம் கேட்டதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தனக்காக எழுந்தது அன்றுதான்.

"எனக்காக ஜெபம் பண்ணுங்க," என்றார். "ஆண்டவர் என் கையில ஒரு ஜீவனை ஒப்படைச்சிருந்தார். நான் அதைச் சாகவிட்டுட்டேன்."

பின்பெஞ்சிலிருந்து அவருடைய தம்பி பர்ல் கேட்டார்: "எது, அந்தக் கறுப்புப் பசுவா?"

"பசு இல்ல பர்ல். நம்ம ஓடைச் சிங்கி இறால்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பர்ல் விடவில்லை. "ஒரு கிராடாடுக்கா, அந்தத் துக்கிணியூண்டு சிங்கிக்கா அழுற? வறுத்தா ரெண்டு வாய்க்குக் காணாது அது."

"சிரிங்க. பரவால்ல," என்றார் ஒலீட்டா. "உலகத்துலயே ரெண்டே ஓடையிலதான் அது இருந்துச்சு. ஒண்ணு எங்க ஓடை. எங்க ஓடையோட பேரைத்தான் அதுக்கு வச்சிருக்காங்க. மூணு வருஷமா அந்த மேரிபெத் பொண்ணு, ஓடை ஆராய்ச்சி பண்றவ, வந்து கல்லு கல்லாப் புரட்டிப் பாத்துட்டா. ஒண்ணுகூட இல்லையாம். மாடு மிதிச்சு, சேறு கலங்கி, என்னைக்கோ அழிஞ்சு போயிருக்கணும்னு அறிக்கைல எழுதப் போறா. கோவிச்சுக்கிட்டுச் சொல்லல, பாவம், என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. ஓடைக்கரை வேலியை நான் இன்னும் பத்து வருஷம் முன்னாடியே போட்டிருக்கணும்."

அவர் உட்கார்ந்தார். பாஸ்டர் சுற்றிப் பார்த்தார். சபைப் பொறுப்பாளர்களான டீக்கன்கள் மூன்று பேர். அன்று வந்திருந்தவன் நான் ஒருவன்.

"பிரதர் எஸ்டில், சிஸ்டருக்காக நீங்க ஜெபம் பண்ணுங்க. நீங்கதானே உயிரியல் வாத்தியார்."

நான் எழுந்தேன். கண்ணை மூடினேன். "ஆண்டவரே, உம்முடைய அடியாளின் குற்றத்தை மன்னியும்," என்றேன். குரல் நடுங்கவில்லை. அதைத்தான் இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ஒலீட்டா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து நன்றியோடு தலையசைத்தார்.

அந்தச் சிங்கி பஞ்சன் ஓடையில் ஒரு நாளும் இருந்ததில்லை. அது எனக்கு மட்டும் தெரியும்.

*

கடலில் இருக்கும் சிங்கி இறாலை ஒரு விரல் நீளத்துக்குச் சுருக்கி மலையோடையில் விட்டதுபோல இருக்கும் அது. எங்கள் கென்டக்கி மலைகளில் ஓடைக்கு ஓடை வகை மாறும். கடையில் விற்கும் தூண்டில் புழுவைப்போல அதை நினைக்கிறவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். முதுகு ஓட்டின் நடுவே ஓடும் இடைவெளி ஒன்றுக்கு அகலம், இன்னொன்றுக்கு நூல் போல. கொடுக்கின் உள்விளிம்பில் ஒன்றுக்கு ஒரு வரிசை முண்டு, இன்னொன்றுக்கு இரண்டு. இவையும் ஏமாற்றலாம். ஏமாற்றாதது ஆணின் வாலடியில் இருக்கும் முதல் ஜோடிச் சிறுகால். இலையுதிர் காலத்தில் ஓடு கழற்றியபின் அதன் நுனி இறுகிக் கொம்புபோல் ஆகும். அந்த நுனி எப்படி வளைந்திருக்கிறதோ அதைவைத்துத்தான் இனத்தைப் பிரிக்கிறார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்காம் வருடம் நான் கல்லூரியில் கடைசி வருட மாணவன். பேராசிரியர் ஹார்லன் வீட்லியிடம் பகுதிநேர வேலை. வுல்ஃப்பென் ஓடையில் கொடுக்கு விளிம்பில் செங்கல் நிறம் ஓடிய ஒரு சிங்கியை முந்தைய வருடமே கண்டுபிடித்திருந்தார். சிறுகாலின் நுனி வேறெதிலும் இல்லாத மாதிரி கொக்கிபோல் மடங்கியிருந்தது. புது இனம் என்று அவருக்கு நிச்சயம். ஆனால் ஒரே ஓடை.

"ஒரே ஓடைன்னா நம்பமாட்டாங்க எஸ்டில்," என்பார். "தண்ணியில ஏதோ கோளாறு, பழைய வகைதான் கொஞ்சம் மாறிப்போச்சும்பாங்க. மலைக்கு அந்தப் பக்கம் பஞ்சன்லயும் கிடைச்சுதுன்னா யாரும் வாயைத் திறக்கமாட்டாங்க."

அக்டோபர் மாதம் ஒரு சனிக்கிழமை என்னைத் தனியாக அனுப்பினார். காலையில் வுல்ஃப்பெனில் பன்னிரண்டு பிடித்தேன். மதியம் பஞ்சனுக்குப் போனேன். ஒரு மணிநேரம் கல் புரட்டினேன். எல்லா ஓடையிலும் கிடைக்கிற சாதாரணச் சிங்கிதான் வந்தது. அப்போது மேட்டிலிருந்து ஒரு பெண், "ஏ தம்பி, குளிர்ல நடுங்கிக்கிட்டு என்னத்தைத் தேடுற? மேல வந்து சாப்பிடு," என்று கூப்பிட்டாள். ஒலீட்டாதான். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட இல்லை. பீன்ஸ், சோளரொட்டி, பிளாக்பெர்ரி போட்டு வேகவைத்த இனிப்பு. அடுப்பு கதகதப்பாக இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. நான் எழுந்திருக்கும்போது மணி ஐந்து.

ஓடையின் மேற்பகுதி முழுக்கப் பாக்கி. இறங்கியிருக்க வேண்டும். அல்லது, கிடைக்கவில்லை ஐயா என்று உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். பேராசிரியர் முகம் வாடுமே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாகத்தான் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஈரச் சப்பாத்தை மறுபடி மாட்ட மனம் வரவில்லை என்பதும், வெறுங்கையோடு போனால் நான் கெட்டிக்காரன் இல்லை என்றாகிவிடும் என்பதும்தான் உண்மை. வண்டியில் உட்கார்ந்து பன்னிரண்டில் ஐந்தை இன்னொரு குப்பிக்கு மாற்றினேன். ஆல்கஹால் ஊற்றினேன். சிறு சீட்டில் பென்சிலால் எழுதினேன்: பஞ்சன் ஓடை, டீட்டன் பண்ணைக்குக் கீழே.

பேராசிரியர் குழந்தைபோல் சிரித்தார். "அந்தப் பண்ணைக்காரம்மா உனக்குச் சோறு போட்டாங்களா? அப்ப அவங்க ஓடையோட பேரையே வச்சுடுவோம்," என்றார். வைத்தும்விட்டார். இனங்களுக்குப் பெயரிடும் விதிப்படி, அச்சான பெயரை, அது தவறென்று பிறகு தெரிந்தாலும், மாற்ற முடியாது. பேராசிரியர் காலமாகிப் பதினேழு வருடம் ஆகிறது. என் சீட்டை நம்பியபடியே போய்ச் சேர்ந்தார்.

ஒலீட்டாவுக்கு அந்தப் பெயர் எப்படியோ தெரியவந்தது. தொண்ணூற்றொன்றில் ஓடையின் இரு கரையிலும் வேலி போட்டார். மாடு ஓடைக்குள் இறங்கக்கூடாது. கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பினார். குழாய் உறைந்துபோகும் குளிர்நாளில் வாளியில் சுமந்தார். கோடாலியால் தொட்டிப் பனிக்கட்டியை உடைத்தார். சரிவில் இருந்த மரங்களை விற்கலாம் என்று பர்ல் கெஞ்சியபோது, மரம் போனால் மண் கரைந்து ஓடைக்கு வரும், சிங்கி மூச்சுத்திணறும் என்று மறுத்தார். அக்காவும் தம்பியும் ஒரு வருடம் பேசிக்கொள்ளவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றும் நடந்தபோதே தெரியும். நான் அதே சபையில்தான் இருந்தேன்.

*

புதன்கிழமை இரவு ஜெபிக்க முயன்றேன். வார்த்தை வரவில்லை. அதன்பின் நான் செய்யத் துணிந்ததைச் சொன்னால், வாத்தியாருக்கு இவ்வளவு புத்திதானா என்பீர்கள்.

பொய்யை மெய்யாக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை விடியும்போது வுல்ஃப்பெனுக்குப் போனேன். கீழ்ப்பாதி ஓடைதான் இப்போது மிச்சம். மேற்பாதியைப் பதின்மூன்று வருடம் முன்பு ஒரு சுரங்கத்தின் இடிபாட்டு மண் மூடிவிட்டது. கதவளவு பலகைக்கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சரிந்து கிடக்கும் இடம் அது. கற்களுக்கடியில் கூழாங்கல் சந்து, சந்துக்குள் வேகமாய் ஓடும் குளிர்ந்த தண்ணீர். அங்கேதான் அது இருக்கும். ஆறு பிடித்து வாளியில் போட்டேன். நான்கு பெட்டை, இரண்டு ஆண். வகுப்பில் காட்டுவதற்கு உயிரினம் பிடிக்கும் அனுமதி என்னிடம் இருந்தது. இதற்கு இல்லை.

பஞ்சனுக்கு வந்தபோது ஏழு மணி. அந்த நேரத்தில் ஒலீட்டா மேல் கொட்டிலில் இருப்பார் என்று கணக்குப் போட்டிருந்தேன். வேலியைத் தாண்டி வாளியை இந்தப் பக்கம் வைக்கும்போது, பின்னாலிருந்து குரல்.

"எஸ்டிலா? என்னப்பா, ஸ்கூல் லீவு விட்டா எங்க ஓடைல மீன் பிடிக்க வந்துடுவியா? கூப்பிட்டிருந்தா நானே கம்பியைத் தூக்கிப் பிடிச்சிருப்பேன்ல? இந்த வயசுல வேலி தாண்டினா பேன்ட்டு கிழியும்."

ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு, கையில் தீவனச் சாக்கு. சிரித்துக்கொண்டே வந்தவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

சிரிப்பு நின்றது. குனிந்தார். கொடுக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு சிங்கி பின்னால் நகர்ந்தது. விளிம்பில் அந்தச் செங்கல் நிறம்.

"இது அதுதானே?" மெதுவாகக் கேட்டார். "மேரிபெத் படம் காட்டினா. இந்தக் கலர்தான். இதுதானே எஸ்டில்?"

"ஆமா சிஸ்டர்."

அவர் அப்படியே சேற்றில் முழங்காலிட்டுவிட்டார். "பிழைச்சிருக்கு. ஐயோ ஆண்டவரே, பிழைச்சிருக்கு. நான் கொல்லல." இரண்டு கையாலும் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். "புதன்கிழமைதான்டா ஜெபம் பண்ணின. மூணே நாள்ல பதில் வந்துடுச்சு பாரு. எந்த இடத்துல கிடைச்சுது? இரு, இரு, சொல்லாத. முதல்ல அந்தப் பொண்ணுக்குச் சொல்லணும். அறிக்கையை இன்னைக்கு அனுப்பறேன்னா."

போனை எடுத்தார். அந்தப் பள்ளத்தில் சிக்னல் கிடைக்காது. மேட்டுக்கு ஏறினால்தான் கிடைக்கும். அவருக்கு இடுப்பில் போன வருடம் ஆபரேஷன். ஒரு கையால் வேலிக்கம்பத்தைப் பிடித்து, மறுகையில் போனை உயர்த்திக்கொண்டு ஏறத் தொடங்கினார்.

நான் நின்றேன். அவர் மேலே போய்ச் சேர்ந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். மேரிபெத் வருவாள், பார்ப்பாள், எழுதுவாள். ஒலீட்டா நிம்மதியாய்ச் சாவார். பேராசிரியரின் பெயர் கெடாது. என் சீட்டு உண்மையாகிவிடும். ஒருவருக்கும் நஷ்டமில்லை என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அவர் ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குப் போனார். நின்று மூச்சு வாங்கினார். அடுத்ததுக்குப் போனார். ஐந்தாவது கம்பத்தில் கால் சறுக்கியது. சமாளித்துக்கொண்டு, கீழே என்னைப் பார்த்துக் கையாட்டினார்.

"சிஸ்டர், நில்லுங்க," என்றேன். "ஏறாதீங்க. நானே மேல வர்றேன்."

போய்ச் சொன்னேன். காலையில் செய்ததை முதலில் சொன்னேன். பிறகு முப்பத்திரண்டு வருடத்துக்கு முந்தியதைச் சொன்னேன். அவர் கம்பத்தைப் பிடித்தபடியே கேட்டார்.

"நீ எங்க வீட்டுல சாப்பிட்ட," என்றார்.

"ஆமா."

"பிளாக்பெர்ரி இனிப்பை ரெண்டாவது தடவை கேட்டு வாங்கின."

"ஆமா."

"எழுந்து போகும்போது ரொட்டியைத் துணில சுத்திக் கொடுத்தேன். அதுக்கப்புறம் வண்டில உக்காந்து அதை எழுதியிருக்க."

நான் தலைகுனிந்தேன்.

"அப்ப நான் கொல்லல."

"இல்ல சிஸ்டர்."

"என் மாடு கொல்லல."

"இல்ல. இங்க அது இருந்ததே இல்ல."

முகத்தில் ஏதோ இளகியது. உடனே மறுபடி இறுகியது. "புதன்கிழமை எனக்காக ஜெபம் பண்ணின," என்றார். "எழுந்து நின்னு. என் குற்றத்தை மன்னிக்கச் சொல்லி. என்னைப் பாத்துக்கிட்டே உக்காந்த."

நான் வேலிக்கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பரலோகத்தில் கேட்டாலும் நான் இதே மாதிரிதான் நிற்பேன் என்று நினைக்கிறேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கீழே வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுங்க எவ்வளவு நேரமா அதுக்குள்ள இருக்கு?"

"ஒரு மணிநேரம் இருக்கும்."

"வெயில் ஏறுது. தண்ணி சூடானா செத்துடும். போ, வண்டியை எடு."

"நான் கொண்டுபோய் விட்டுடறேன், நீங்க எதுக்கு..."

"உன்னை நம்பிக் கொடுத்து அனுப்பவா? எடு வண்டியை."

மடியில் வாளியை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஓடையில் நனைத்துவந்த தலைத்துண்டை வாளிமேல் நிழலாய்ப் பிடித்துக்கொண்டார். வளைவுகளில் தண்ணீர் தளும்பி அவர் பாவாடையை நனைத்தது.

வுல்ஃப்பெனில் ஒவ்வொன்றாக அவரே எடுத்து விட்டார். ஒன்று கட்டைவிரலைக் கவ்வியது. "கடிடி, கடி. உனக்கும் கோபம் வரத்தானே செய்யும்," என்று அதனிடம் சொன்னார். பிறகு இடுப்பளவு பலகைக்கல் ஒன்றின் மேல் உட்கார்ந்து ஓடையை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த மாதிரிக் கல்லுதான் வேணுமா அதுக்கு?"

"ஆமா. பெரிய பலகைக்கல்லு, அடியில சந்து, சேறில்லாத தண்ணி."

"எங்க ஓடைல அடியெல்லாம் நீலக் களிமண்ணு. இப்படிக் கல்லு ஒண்ணுகூடக் கிடையாது. எங்கப்பா கொட்டிலுக்கு அஸ்திவாரக் கல்லு வேணும்னு வேற ஊருலேர்ந்து வண்டில கொண்டுவந்தாரு." என்னைத் திரும்பிப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல என்னை ஒருத்தர் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். நீயும் கேக்கல, உன் புரொபசரும் கேக்கல, அந்தப் பொண்ணும் கேக்கல."

வீட்டில் இறக்கிவிட்டபோது கதவைத் திறந்தபடி சொன்னார்: "நான் எந்த இடத்துல எழுந்து நின்னேனோ, அதே இடத்துல நீ நிக்கணும். அதுவரைக்கும் என்கிட்டப் பேச வராத."

*

அன்று பகலே மேரிபெத்துக்குப் போன் செய்தேன். இருபத்தொன்பது வயதுப் பெண். முழுவதும் கேட்டாள்.

"மூணு கோடைக்காலம் சார்," என்றாள். "மூணு வருஷமா எனக்கு வேலை தெரியலையோன்னு நினைச்சேன். வீட்டுக்குப் போய் அழுதிருக்கேன்."

"மன்னிச்சுடும்மா."

"நான் இருக்கட்டும். வுல்ஃப்பென் மேல் ஓடையைச் சுரங்க மண்ணால மூட அனுமதி கொடுத்தாங்களே, அந்த அறிக்கைல ஒரு வரி இருக்கு. 'இந்த இனம் பஞ்சன் ஓடையிலும் வாழ்வதால் பாதிப்பில்லை'ன்னு. அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பவே தெரியுமா?"

"பேப்பர்ல வந்தப்பவே படிச்சேன்."

ஒலீட்டாவுக்கு இழைத்ததையாவது அவரிடம் சொல்லி அழ முடிந்தது. மண் மூடிய இரண்டு மைல் ஓடையிடம் யார் போய்ச் சொல்வது? கற்களுக்கடியில் இருந்தவற்றை எண்ணியவர்கூட யாரும் இல்லை.

கடைசியில் அவள் வறண்ட குரலில் செய்ய வேண்டியதைச் சொன்னாள். நான் கையெழுத்திட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும். அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் அந்த இரண்டாவது குப்பிக்குள் புதுச் சீட்டு போடுவார்கள். பழையதை எடுக்கமாட்டார்கள், எடுப்பது வழக்கமில்லை. என் பென்சில் எழுத்தும் அதைத் திருத்திய சீட்டும் ஒரே ஆல்கஹாலில் கிடக்கும், எவர் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். இப்போது பதிவேட்டில் ஒரே ஓடை, அதிலும் பாதி. "இதனாலயாவது மிச்சப் பாதியைக் காப்பாத்தலாம். கடிதத்தைத் திங்கட்கிழமைக்குள்ள அனுப்புங்க," என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஒலீட்டா எழுந்து நின்ற மூன்றாவது பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பாஸ்டரிடம் முன்பே சொல்லியிருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஜெபத்தையும் சொன்னேன். என்னிடம் படித்த பிள்ளைகள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். பார்த்து எழுதிய பரீட்சைக்காக நான் ஒரு வருடம் நிறுத்திவைத்த பையன், இப்போது இரண்டு குழந்தைக்குத் தகப்பன், தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்காக அவன் வெட்கப்பட்டான் என்று நினைக்கிறேன்.

பர்ல் எழுந்தார். "அப்ப எங்கக்கா இருபத்தஞ்சு வருஷம் இல்லாத ஒண்ணுக்காகவா தண்ணி சுமந்தா?"

"ஆமா பிரதர்."

"அந்த மரத்தை வித்திருந்தா என் முதுகுக்கு வைத்தியம் பாத்திருப்பேன்."

"தெரியும்."

"தெரியும் தெரியும்னு எல்லாத்துக்கும் சொல்றீங்களே, எப்படிய்யா தூங்கினீங்க?"

"பர்ல், உக்காரு," என்றார் ஒலீட்டா. "அது அவருக்கும் ஆண்டவருக்கும். நீ ஒண்ணும் ஒழுங்கா தூங்கறவன் இல்ல. உன் குறட்டை மேட்டு வீட்டுக்குக் கேக்குது."

சிலர் சிரித்துவிட்டார்கள். பர்ல் உட்கார்ந்தார். பிறகு பாஸ்டர் எனக்காக ஜெபித்தார். டீக்கன் பொறுப்பை அன்றே விட்டுவிட்டேன். வேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை. அது நியாயம்தான்.

வெளியே வந்து வண்டியைத் திறக்கும்போது ஒலீட்டா வந்து நின்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்வார் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையுமில்லை.

"செவ்வாய்க்கிழமை காலைல வா," என்றார். "குழி தோண்டற கம்பி இருந்தா எடுத்துட்டு வா. கையுறையும் கொண்டுவா. வாத்தியார் கை, கொப்பளிச்சுடும்."

"என்ன வேலை சிஸ்டர்?"

"வேலியில ஒரு கேட்டு வைக்கப் போறேன். ஓடை ஆழமில்லாத இடத்துல. இனிமே குளிர்காலத்துல என்னால கோடாலி தூக்க முடியாது. மாடு அங்க வந்து குடிச்சுட்டுப் போகட்டும்."

"மொத்த வேலியையும் எடுத்துடலாமே. நான் எடுத்துத் தர்றேன்."

"எதுக்கு? இருபத்தஞ்சு வருஷத்துல தண்ணி தெளிஞ்சு கிடக்கு. சாதாரணச் சிங்கி, தவளை, அந்த நீல நாரை எல்லாம் வருது. அதுங்களை யாரும் ரெண்டே ஓடைன்னு எண்ணலைங்கறதுக்காக மிதிக்க விடணுமா? ஒரு கேட்டு போதும்."

செவ்வாய்க்கிழமை போனேன். இரண்டு குழி. பாதியில் கை கொப்பளித்தது. கையுறையை வீட்டில் மறந்திருந்தேன். அவர் பார்த்தார், உள்ளே போனார், செத்துப்போன தன் புருஷனுடைய தோல் கையுறையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். போட்டுக்கொண்டு தோண்டினேன். பதினோரு மணிக்குக் கம்பம் நின்றது. மதியம் கதவு மாட்டியாயிற்று.

அவர் கதவைத் திறந்துவிட்டு மாடுகளைக் கூப்பிட்டார். பதினான்கு மாடு. கேட்டுவரை வந்தன. தண்ணீரைப் பார்த்து மூக்கை உறிஞ்சின. ஒன்றுகூடக் கால் வைக்கவில்லை. முன்னால் நின்ற கறுப்புப் பசு திரும்பி, தொட்டிப் பக்கம் பார்த்துக் கத்தியது.

"பாரேன்," என்றார் ஒலீட்டா. "தொட்டியைத் தவிர ஒண்ணும் தெரியாம வளர்ந்ததுங்க. ஓடையைக் கண்டா பயப்படுது." சிரித்தார். சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "இறங்கு எஸ்டில். நீ முதல்ல தண்ணியில நில்லு. யாராவது நின்னாத்தான் அதுங்களும் வரும்."

சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கினேன். ஜூன் மாதத்திலும் தண்ணீர் சில்லென்றிருந்தது. காலடியில் வழுக்கும் நீலக் களிமண். நான் அசையாமல் நின்றேன். வெகுநேரம் கழித்து, கறுப்புப் பசு ஒரு காலைத் தண்ணீரில் வைத்தது.